ஒரு தலைக்கு ஒரு தோட்டம்

1

அண்ணன் நடந்து வந்துகொண்டிருக்கிறான் என்றே எங்கள் வீட்டில் நம்பினோம். பர்மாவில் ஜப்பானியர் புகுந்ததும், ரங்கூனிலிருந்து புறப்பட்ட கப்பல்களில் இடம் கிடைத்தவர்கள் கடல் வழியே வந்து சேர்ந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டையும் மலையையும் தாண்டி அஸ்ஸாமை நோக்கி நடந்தார்கள். அங்கே அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அண்ணன் அருணாசலம் கப்பலில் வரவில்லை. ஆகையால் நடந்துதான் வரவேண்டும். இதற்கு மேல் எங்களிடம் ஆதாரம் ஏதும் இல்லை. வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் மதுரை ரயில் நிலையத்தில் பர்மாவிலிருந்து மீண்டவர்களை அடிக்கடி காணலாம். வீங்கிய கால்கள், மழித்த தலைகள், வழியில் யாரோ கொடுத்த அளவு பொருந்தாத சட்டைகள். அம்மா தல்லாகுளத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தே போய் அவர்கள் எதிரில் நிற்பாள். ஒருநாள் நானும் உடன் போயிருந்தேன்.

"எந்த ஊருய்யா உங்களுக்கு?"

"சிவகங்கைப் பக்கம் தாயி."

"ரங்கூன்ல அருணாசலம்னு ஒரு பிள்ளை. மில்லுல கணக்குப் பாக்குறவன். நெத்தி ஓரத்துல தழும்பு இருக்கும்."

"ரங்கூன்ல அருணாசலம்னு எம்புட்டோ பேரு இருப்பாகம்மா."

"இருக்கட்டும்யா. அம்புட்டுப் பேருல ஒருத்தனாச்சும் உங்க கண்ணுல பட்டிருப்பான்ல."

அந்த மனிதர் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நெத்தியில தழும்போட ஒருத்தர் எங்களுக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தாரு" என்றார். அவர் இரக்கப்பட்டுச் சொன்னதாகவே இருக்கலாம். வீடு திரும்பி வாசலில் கால் கழுவும்போது அம்மா, "பின்னால வாரானாம். நடந்து வாரவனுக்கு நாளாகத்தான் செய்யும்" என்றாள்.

இந்த நம்பிக்கைக்குக் கடமை ஒன்று இருந்தது. அண்ணனின் மனைவி சௌந்தரம் மதினி தினமும் பூச்சூடிக்கொள்ள வேண்டும். எந்த நாளில் அவன் வந்து நிற்பான் என்று தெரியாது. வருகிற நாளில் அவள் வெறுந்தலையோடு எதிர்கொள்ளக் கூடாது. பூவை வெளியில் வாங்குவதும் அம்மாவுக்குச் சம்மதமில்லை. பூக்காரி ஒருநாள் வராமல் போகலாம். அந்த ஒருநாளை அம்மா அஞ்சினாள். ஆகவே, வருஷத்தில் எந்த நாளும் பூவற்ற நாளாகப் போய்விடாதபடி ஒரு தோட்டத்தை உண்டாக்கினாள்.

2

இதை நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இங்கே தபால் கந்தோரில் வேலை பார்க்கிறார். ஆபீஸ் என்பதை இங்குள்ளவர்கள் கந்தோர் என்பார்கள். எனக்கும் அந்தச் சொல் படிந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் எதிர்மலை இருக்காது. பத்து மணி வாக்கில் மூடுபனி விலகும். தேயிலைச் சரிவு தெரியும். பிற்பகல் மழை வந்து மறுபடியும் எல்லாவற்றையும் மூடிவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையே இந்த ஊரில் யாருக்கும் இல்லை. வெயில் ஏறும் முன் கிணற்றில் இறைத்து இறைத்துக் கை காய்த்த வீட்டில் பிறந்த எனக்கு, இது இன்னமும் ஏதோ இனாமாக வந்ததைப் போலக் கூச்சமாக இருக்கிறது.

இந்த வீட்டில் எங்களுக்கு முன் குடியிருந்த பறங்கிக் குடும்பத்தார் விட்டுப்போன தோட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் தாமாகவே தழைத்து, தாமாகவே பூத்து, தாமாகவே அடங்கும் செடிகள். நீலக் கொத்துகள், வெள்ளைக் கொத்துகள், வேலியோரம் சிவப்பு ஜெரேனியம். கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கின்றன. கிட்டப் போய் முகர்ந்தால் ஈர இலையின் வாடை மட்டும் வரும். மல்லிகை இந்தக் குளிரைத் தாங்காது. அடுப்படி ஜன்னலில் ஒரு தொட்டியில் வைத்திருக்கிறேன். அடுப்புச் சூட்டில் எப்போதாவது நாலைந்து மொட்டு விடும்.

போன வாரம் அப்படிக் கிடைத்த மொட்டுகளை நூலில் கட்டி மகள் கமலாவின் பின்னலில் வைத்தேன். அவள் பள்ளிக்கூடம் போன பிறகு வெளியே வந்தேன். வேலிக் கதவான படலையின் தாழ்ப்பாளில் அந்தச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. மாலையில் கேட்டேன்.

"எல்லாரும் சிரிக்கினம் அம்மா."

'சிரிக்கினம்' என்பது யாழ்ப்பாணத்து ஆசிரியைகளிடம் அவள் கற்ற பேச்சு. செடி என்று சொல்லமாட்டாள், கன்று என்பாள். அம்மாவின் கடைசி நாட்களில் சின்னவளாக ஊருக்கு வந்திருந்தபோது, "ஆச்சி, பூங்கன்றுக்குத் தண்ணி விடட்டோ?" என்று கேட்டதற்கு, "கன்னுக்குட்டிக்குத் தண்ணி காட்டத்தான் செய்யணும். கயித்தை அவுத்துட்டு வா" என்று அம்மா முகம் மாறாமல் சொன்னாள். குழந்தை கயிற்றைத் தேடி வீட்டைச் சுற்றி வந்தது.

"சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்" என்றேன்.

"சௌந்தரம் அத்தையும் பூ வைக்கிறேல்லைத்தானே. பிறகேன் நான் மட்டும்?"

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்டவள் இவள் ஒருத்திதான். விடையைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. வந்தபின், தமிழில் எழுதியதைப் படிக்கும் பொறுமை அவளுக்கு இருக்குமா என்று தெரியவில்லை. ஊரில் உள்ளவர்களாவது அறியட்டும் என்று எழுதுகிறேன்.

3

அம்மா சோழவந்தான்காரி. ஆற்றோரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். கொடிக்கால் என்பது ஒரு போகம் எடுத்துவிட்டு உழுதுபோடும் வயல் அன்று. அகத்தி வளர்த்து, அதன் நிழலில் கொடியை ஏற்றி, வருஷக்கணக்கில் காப்பாற்ற வேண்டும். அதற்குள் செருப்போடு போகக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது. உரக்கப் பேசுவதையும் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். இந்த விதிகள் அத்தனையையும் அம்மா தல்லாகுளத்து வீட்டின் கொல்லைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். ஜில்லாக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா கூட, கொல்லைக் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவார்.

அப்பா காலத்தில் அங்கே ஒரு வரிசை மல்லிகையும், பூஜைக்கு நந்தியாவட்டையும், ஒரு பவழமல்லி மரமும் மட்டுமே இருந்தன. அப்பா போன பிறகு ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அண்ணன் கல்யாணமாகி, மதினியோடு சில மாதங்களே இருந்துவிட்டு ரங்கூன் திரும்பினான். வீடு பார்த்துக்கொண்டு அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அப்போது மதினி இன்னும் எங்களோடு வாய்விட்டுப் பேசிப் பழகாதவள். அம்மா இறைத்துக் கொடுக்க, அவள் பாத்தியில் ஊற்றுவாள். அந்த வேலை நேரத்தில்தான் இருவருக்கும் பேச்சு வந்தது.

கொழும்பில் குண்டு விழுந்தபோது என் கணவர் என்னையும் குழந்தை கமலாவையும் ஊருக்கு அனுப்பிவைத்தார். ஆகவே தோட்டம் பெருகிய அந்த வருஷம் முழுவதும் நான் அங்கே இருந்தேன்.

அம்மாவின் ஏற்பாடு இது. பங்குனி தொடங்கி ஆடி வரையில் மல்லிகை. அது ஓயும்போது பிச்சி எடுத்துக்கொள்ளும். கார்த்திகை வரை கவலையில்லை. மார்கழிக்குச் செவ்வந்தி, அதோடு நிறத்துக்கு டிசம்பர் பூ. கனகாம்பரம் எந்த நாளும் இருக்கும். ஆனால் வாசமில்லாததை அம்மா கணக்கில் சேர்ப்பதில்லை. மிஞ்சியது தையின் கடைசியும் மாசியும். முந்திய பூ முடிந்து, மல்லிகை இன்னும் தொடங்காத காலம். ஊரில் எல்லாரும் மல்லிகையை மார்கழியில் தண்ணீர் நிறுத்திக் காயவிட்டு, முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்வார்கள். அம்மா வரிசையை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை ஐப்பசியிலேயே வெட்டுவது என்று தீர்மானித்தாள். முன்னால் வெட்டியது மாசியில் பூத்தாக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தம்மாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தாடையில் கை வைத்தாள்.

"ஏங்க்கா, மழைக்காலத்துல வெட்டுறீகளே. தூரு அழுகிப்போகும்."

"தூர்ல மண்ணைக் குவிச்சுப் பொடைச்சு வச்சிருக்கேன் பாக்கியம். தண்ணி நிக்காது."

"ஒரு தலைக்கா இம்புட்டுத் தோட்டம்? மீனாச்சிக்குக்கூட இப்படி யாரும் வச்சிருக்க மாட்டாக."

"மீனாச்சிக்கு ஊரே பூக் கொடுக்குது. எம் மருமகளுக்கு நான் ஒருத்திதானே."

பாக்கியத்தம்மாள் சிரித்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் கெட்டவள் அல்லள். தெருவில் மற்றவர்கள் மறைவில் பேசிக்கொண்டதை அவள் சுவருக்கு மேல் பேசினாள்.

4

அந்த ஐப்பசியில் இன்னும் சில பிச்சிக் கொடிப் பதியன் வாங்கிவர அம்மாவும் நானும் சோழவந்தானுக்குப் போனோம். மதினி வீட்டில் இருந்தாள். திரும்பி வர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அம்மா குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். ஈரச் சாக்கில் சுற்றிய கொடிகளைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மதினி வாசலில் நின்றாள். தலைக்குக் குளித்திருந்தாள், கூந்தலிலிருந்து நீர் சொட்டி ரவிக்கையின் முதுகு நனைந்திருந்தது.

"ஏ தாயி, விளக்கு வைக்கிற நேரத்துலயா தலைக்கு ஊத்துறது? அதுவும் இந்த மழையில?"

"கசகசன்னு இருந்துச்சு அத்தே."

"மழையில என்ன கசகசப்பு?"

மதினி கை நீட்டிச் சாக்கை வாங்கிக்கொண்டாள். "எங்க நடணும் அத்தே?" என்று கேட்டாள்.

அம்மா முதலில் அவளை உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தாள். துண்டால் துவட்டினாள். தணல் எடுத்துச் சாம்பிராணி போட்டு, கூந்தலைப் பிரித்துப் பிரித்துப் புகை காட்டினாள். ஈரத்தலையில் பூ வைக்கக் கூடாது என்பது அம்மாவின் நியதி. ஆகவே முழுதும் உலரும் வரையில் பொறுத்திருந்தாள். பிறகு அன்று காலை கொல்லையில் பறித்து வைத்திருந்த பிச்சிச் சரத்தை எடுத்து அவளுக்குச் சூட்டினாள். மதினி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் செய்யவிட்டாள். நான் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரும் மருமகளும் இப்படி ஒட்டிப்போனார்களே என்று எனக்கு அப்போது மகிழ்ச்சியாக இருந்தது.

மாசியில் மல்லிகை பூத்தது. அதிகமில்லை, ஒரு சாண் சரத்துக்குப் போதும். அந்த மாசியில்தான் மதினியின் அண்ணன் பழங்காநத்தத்திலிருந்து வந்தார். மளிகைக்கடை வைத்திருந்தவர், அதிகம் பேசாதவர். கூடத்தில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். அம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். போவதற்கு முன், "கூட்டிட்டுப் போறதுன்னா தடுக்க மாட்டேன் தம்பி. அவ வாயால சொல்லட்டும்" என்றாள்.

"என்னத்தா சொல்றே?" என்று அவர் தங்கையைக் கேட்டார். "உனக்கு என்ன வயசாயிருச்சு? நம்ம வீட்டுல வந்து இரு. எம் வீட்டுக்காரியும் தனியாத்தான் கெடந்து அல்லாடுறா."

"நான் வரலண்ணே."

"மாப்ள வந்தாருன்னா ஓடியாந்து சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? பழங்காநத்தம் என்ன பர்மாவிலயா இருக்கு?"

"வரலண்ணே. இங்கயே இருக்கேன்."

"கோயிலுக்குக்கூட வர மாட்டேங்குறியாமே. இப்படியே எம்புட்டு நாளைக்கு?"

சில மாதங்களாகவே அவள் எந்தக் கோவிலுக்கும் போகாமல் இருந்தாள். அண்ணன் வந்து சேர்ந்த பிறகே சந்நிதிக்குள் நுழைவதென்று நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவள் அதை மறுக்கவும் இல்லை. அம்மா அந்த நேர்த்தியைப் பற்றித் தெருவில் பெருமையாகவே பேசினாள்.

அவள் அண்ணன் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "வாரேன் அத்தே" என்று கொல்லைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் போனார். கொல்லையிலிருந்து அம்மா வந்தபோது கையில் களைக்கொட்டு இருந்தது. ஆனால் அதில் மண் ஒட்டியிருக்கவில்லை. "இருக்கேன்னு சொல்லிருச்சா?" என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள். நான் தலையசைத்தேன். அவள் திரும்பிப்போய் மறுபடியும் பாத்தியோரம் உட்கார்ந்தாள்.

பங்குனி பிறந்ததும் நான் இலங்கைக்குத் திரும்பினேன். அம்மா இரண்டு மல்லிகைப் பதியன்களை வாழைப்பட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாள். கடற்கரையிலுள்ள மண்டபம் முகாமில் பரிசோதனைக்கு நிறுத்தினார்கள். அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார்கள், மூட்டையை அவிழ்த்தார்கள். மண்ணோடு எந்தச் செடியும் கடல் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த உத்தியோகஸ்தர் தன்மையாகவே சொன்னார்: "பூச்சி இருக்கும்மா. அங்க போயிப் பரவிரும்." வேலியோரம் குவிந்திருந்த கறிவேப்பிலைக் கன்றுகள், வாழைக் குருத்துகள், துளசி ஆகியவற்றோடு எங்கள் வீட்டு மல்லிகையையும் வைத்துவிட்டு, கப்பலுக்குப் போகும் ரயிலுக்கு நடந்தேன்.

5

போர் ஓய்ந்தது. பர்மா மறுபடியும் திறந்தது. போனவர்களில் வரவேண்டியவர்கள் வந்தார்கள். அண்ணன் வரவில்லை. அம்மா பூவை நிறுத்தவில்லை.

பிறகு ஒரு கார்த்திகையில் அம்மா படுத்துவிட்டாள் என்று தந்தி வந்தது. பயணத்துக்கு அனுமதி வாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். தாயின் வியாதிக்கு வைத்தியர் அத்தாட்சி கேட்டார்கள். தந்தியைக் காட்டினால், தந்தி அத்தாட்சி ஆகாது என்றார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

அம்மாவின் கட்டிலைக் கொல்லை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. மதினி அவளைத் தூக்கி, துடைத்து, கஞ்சி ஊட்டி, தலை வாரிவிட்டு, அதன்பின் தோட்டத்துக்குப் போவாள். மல்லிகையின் நடுப் பங்குக்கு அது கவாத்துக் காலம்.

"சாய்ச்சு வெட்டுத்தா. நேரா வெட்டுனா பனித்தண்ணி நிக்கும்."

"சாய்ச்சுத்தான் வெட்டுறேன் அத்தே."

"எங்க, சத்தம் வேற மாதிரி கேக்குது."

"கத்தி மழுங்கலு. அதான்."

கொஞ்ச நேரத்தில் அம்மா கண் அயர்ந்தாள். நான் வெட்டிய கிளைகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். வெயில் இதமாக இருந்தது. மதினியின் கொண்டையில் டிசம்பர் பூ ஊதா நிறத்தில் இருந்தது. அவள் அடுத்த செடிக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் பேசத் தொடங்கினாள்.

"விசாலம், அவுக இல்லை."

நான் கிளைகளைக் கீழே வைத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் சோழவந்தானுக்குப் போயிருந்தீகள்ல, பிச்சிக்கொடி வாங்க. அன்னைக்கு மத்தியானம் ஒரு ஆளு வந்தாரு. மில்லுல அவுகளோட ஒரே அறையில இருந்தவராம். மலை ஏறும்போது காச்சலாம். வழியிலயே உக்காந்துட்டாகளாம். ரெண்டு நாள் கூட இருந்து பாத்திருக்காரு. அப்புறம் எலையைப் போட்டு மூடிட்டு வந்தேன்னு சொன்னாரு."

"அன்றைக்கா மதினி? அன்றைக்குத்தானே நீங்கள்…"

"ஆமா. அதான் தலை முழுகினேன். வேற என்ன செய்யுறதுன்னு தெரியலை. கேட்டா முழுகணும்ல."

கத்தியை மண்ணில் குத்தி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிரணும்னுதான் வாசல்ல நின்னேன். அத்தே வண்டியை விட்டு இறங்குச்சு. அந்தச் சிரிப்பை நீயும் பாத்தேல்ல. நாளைக்குச் சொல்லுவோம்னு நினைச்சேன். அது என்னடான்னா உக்காத்தி வச்சுத் துவட்டி, பொகை போட்டு, பூ வைக்குது. தலையில ஏறுன பிறகு எப்படிச் சொல்ல? மறுநா கொடி நட்டோம். அப்புறம் வெட்டுனது தளிர்த்துச்சு. ஒவ்வொரு நாளும் அத்தைக்குத் தோட்டத்துல ஏதாச்சும் ஒன்னு இருந்துச்சு. நான் சொன்னா, அந்தப் பொழுதோட அத்தே தோட்டத்தை விட்டுரும். விட்டா எந்திரிக்காது. உங்க அப்பா போனப்ப எப்படிக் கெடந்துச்சுன்னு நீ சொல்லியிருக்கேல்ல."

"உங்கள் அண்ணன் வந்து அழைத்தாரே. அப்போதே…"

"அப்பவும் தெரியும். கோயிலுக்குத்தான் என்னால போக முடியலை. தெருவுல இந்தப் பூவோட நடந்துட்டேன். அங்க போயி நிக்க முடியலை விசாலம்."

கணவனை இழந்தவள் பூ வைப்பதை நம் தெருக்கள் எப்படிப் பேசும் என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் அதை அறிந்து, யாரிடமும் பகிராமல், தினமும் மாலையில் அம்மாவுக்கு முன்னால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அம்மா அவளுக்காகத் தோட்டம் வளர்ப்பதாகவே நாங்கள் நம்பினோம். தெருவும் அப்படித்தான் நம்பிற்று.

"இன்னமும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"இனிமேலா சொல்லப் போறேன்" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "சத்தத்தையே காணமே. வெட்டி முடிச்சாச்சா?"

"இன்னும் நாலு செடி கெடக்கு அத்தே."

6

அம்மா மாசியில் போனாள். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. மாலையானால் மட்டும் கண் மதினியைத் தேடும். அவள் கட்டிலருகே வந்து திரும்பி உட்காருவாள். அம்மாவால் கையைத் தூக்க முடியாது, நான் சூட்டுவேன், அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று நான் யோசித்ததுண்டு. ரயில் நிலையத்துக்குப் போவதை அவள் எப்போது நிறுத்தினாள் என்று மதினியைக் கேட்கலாம். கேட்கவில்லை. தெரியாது என்றே வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவினர் கூடியிருந்தார்கள். அண்ணன் இல்லாததால் பெரியப்பாவின் மகன் சிதம்பரம் அண்ணன் கர்மம் செய்ய உட்கார்ந்திருந்தார். புரோகிதர் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மதினி கிணற்றடியிலிருந்து வந்தாள். தலையில் பூவும் இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. கூடத்து நிலைப்படியருகே நின்றாள்.

"மச்சான், அத்தைக்குச் செய்யுறதோட அவுகளுக்கும் செஞ்சிருங்க."

சிதம்பரம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

பாக்கியத்தம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "என்னடி சொல்றே? அக்கா போற வரைக்கும் தலை நெறையப் பூ வச்சிருந்தியே."

"ஆமா பெரியம்மா. வச்சிருந்தேன்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வெகு நாளாத் தெரியும்."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "தெரிஞ்சுக்கிட்டா?" என்று ஒரு குரல். "இது என்ன கூத்து" என்று இன்னொன்று. அவள் அண்ணன் எழுந்து, தங்கையை நோக்கி இரண்டடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டார். நான் போய் மதினியின் பக்கத்தில் நின்றேன். "எனக்கும் மதினி சொல்லியிருக்கிறார்கள்" என்றேன். கூட்டத்தில் யாரோ, "கொழும்புக்காரியும் கூட்டா" என்றார்கள்.

புரோகிதர் வயதானவர். தர்ப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "போன திதி தெரியுமாம்மா?"

"தெரியாது சாமி. காட்டு வழியில போனவுகளுக்கு நாள் கணக்கு இல்லைன்னு சொன்னாரு."

"சேதி கேட்ட நாள்?"

"ஐப்பசி வளர்பிறைப் பஞ்சமி."

"அன்னைக்கு ஸ்நானம் பண்ணியா?"

"பண்ணினேன்."

"கேட்ட நாளே போதும். உக்காருங்கோ" என்றார். சிதம்பரம் அண்ணனைப் பார்த்து, "இன்னொரு இலை போடச் சொல்லுங்கோ" என்றார்.

இன்னொரு இலை போட்டார்கள். தாய்க்கும் மகனுக்கும் ஒரே நாளில் பிண்டம் கரைத்தார்கள். ஆற்றில் மாசித் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை உறவினரில் பாதிப்பேர் சாப்பிடாமல் போனார்கள். பாக்கியத்தம்மாள் போகவில்லை. பின்கட்டில் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, மதினியின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "கோவத்துல பேசிட்டேன்" என்றாள். மதினி, "நீங்க கேட்டதுல தப்பில்லை பெரியம்மா" என்றாள்.

7

இப்போது இந்தத் தீவில் எங்களைப் போன்றவர்கள் பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்த வருஷம் வந்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், எவ்வளவு காலம் தங்கினீர்கள். சென்ற திங்களன்று கந்தோரில் ஓர் இளைஞர் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டு வந்தேன். குண்டு விழுந்த வருஷம் போய்த் தங்கியதற்குக் காரணம் கேட்டார், சொன்னேன். அம்மாவின் வியாதிக்குப் போனதைச் சொன்னேன். கமலா என் பக்கத்தில் நின்று அவருக்குச் சிங்களத்தில் ஏதோ விளக்கம் சொன்னாள், அவர் சிரித்தார். எனக்கு அது விளங்கவில்லை. எனக்காக அவள் பேசும் காலம் வந்துவிட்டது.

மதினி பழங்காநத்தத்துக்குப் போகவில்லை. அவள் அண்ணன் இன்னமும் வந்து கேட்கிறார்; அவள் இன்னமும் மோர் கொடுத்து அனுப்புகிறாள். மல்லிகை வரிசை முழுவதையும் இப்போது மார்கழியிலேயே, ஊரில் மற்றவர்களைப் போல, ஒரே தடவையில் கவாத்து செய்துவிடுகிறாளாம். செடிகள் முன்னைவிட நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. காலையில் பறித்ததைத் தெருப்பிள்ளைகள் வாங்கிப்போகிறார்கள். ஐப்பசிப் பஞ்சமியன்று முழுகிவிட்டு, மீனாட்சி கோவிலுக்கும் போய்வருகிறாள்.

அந்த இளைஞர் கடைசியாக, "இந்தியாவில் உங்களுக்கு இப்போது யாரும் இருக்கிறார்களா?" என்று கேட்டார். பெற்றோர், உடன்பிறந்தோர் என்று இரண்டு வரி இருந்தன. இரண்டிலும் இல்லை என்று எழுதிக்கொண்டார். அண்ணன் மனைவிக்கு அந்தத் தாளில் இடம் இல்லை என்றார். இருந்தாலும் நான் சொன்னேன்: தல்லாகுளத்தில் எங்கள் வீட்டில் மதினி இருக்கிறாள்.